விடுதி எழுத்தர் கையெழுத்து

பாத்து உட்காருங்க சார். அந்தக் கவர் மேல உட்கார்ந்துடாதீங்க. குடுங்க இப்படி, நான் மடியில வெச்சுக்கறேன். மேல வைக்கலாம்னா அங்க எவனோ ஒரு சாக்குப் பையைத் திணிச்சு வெச்சிருக்கான், அது என்னமோ ஒழுகுது. இந்த சீட்டைப் பாருங்க. ஆரஞ்சுத் தோலை இடுக்குல சொருகிட்டுப் போயிருக்கான் ஒருத்தன். முன்னாடி ஒரு ஆளு காலைத் தூக்கி கம்பி மேல வெச்சிருக்கான், கால்ல வெடிப்பு. எனக்கு இப்பல்லாம் எதைப் பாத்தாலும் குமட்டுது சார். வீட்ல சோறு எறங்க மாட்டேங்குது. ஆபீஸ்ல டீயைக் கொண்டாந்து வெச்சா டம்ளரைப் பாத்தாலே வெறுப்பா இருக்கு.

சென்னை வரைக்குமா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு. ஒன்பது மணி நேரம் வாயை மூடிக்கிட்டு வர என்னால ஆகாது.

பையனைப் பாக்கப் போறேன். பெரிய காலேஜ் சார், அரசு காலேஜ். பேரு வேண்டாம். அவன் பாலிடெக்னிக் முடிச்சிட்டு நேரா அங்க ரெண்டாம் வருஷம் சேர்ந்திருக்கான். அப்படி ஒரு வழி இருக்கு, தெரியுமில்ல? மூணு வருஷம் டிப்ளமோ முடிச்சவன் இன்ஜினியரிங்ல முதல் வருஷம் உட்கார வேண்டியதில்ல. லேட்டரல் என்ட்ரின்னு பேரு. தனியார் காலேஜ்னா கூப்பிட்டுக் குடுப்பாங்க. ஆனா இந்த மாதிரி காலேஜ்ல ஒரு டிபார்ட்மெண்டுக்கு எத்தனை எடம்ங்கறீங்க? ஆறு. தமிழ்நாடு பூராவும் உள்ள பாலிடெக்னிக் பிள்ளைங்க அந்த ஆறுக்கு அடிச்சுக்கணும். அந்த ஆறுல என் மகன் நவநீதன் ஒருத்தன்.

சந்தோசமா? சந்தோசம்தான். அவன் எங்கிட்ட பேசி ஆறு மாசம் ஆச்சு. பொங்கலுக்கு வரல. அவங்கம்மாகிட்ட பேசுவான், நான் போனை வாங்கினா வெச்சிருவான். ஒரே பையன் சார். எல்லாம் ஒரு பொம்பளப் புள்ளை செஞ்ச வேலை. நீங்க நெனைக்கற மாதிரி விஷயம் இல்ல, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. இது வேற. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, யாரு மேல தப்புன்னு. பொதுவான ஆளு நீங்க.

என் பேரு உலகநாதன். விருதுநகர் பக்கம் ஒரு அரசு பாலிடெக்னிக்ல உதவியாளரா இருக்கேன். உதவியாளர்னா டீ வாங்கிட்டு வர்ற அலுவலக உதவியாளர் இல்ல சார், அதுக்கு மேல. ரிட்டையர் ஆக இன்னும் பதினாலு மாசம். இருபத்தாறு வருஷமா அங்க டி.சி. எழுதறது நான்தான். என் எழுத்தைப் பாத்தீங்கன்னா அச்சடிச்ச மாதிரி இருக்கும். எனக்கு முன்னாடி இருந்தவர் ஒரு நோட்டுல பேரையும் தேதியையும் கிறுக்கி வெச்சிருப்பார், அவ்வளவுதான். நான் வந்துதான் பதிவேடு போட்டேன். அதுல ரெண்டு கட்டம் சேர்த்தேன். மனு வந்த நாள், வழங்கிய நாள். மேல இருந்து யாரும் போடச் சொல்லல. நானே ஸ்கேல் வெச்சு செவப்பு மையில கோடு இழுத்தேன். நாளைக்கு ஒருத்தன் வந்து உலகநாதன் இழுத்தடிச்சான்னு சொல்லக் கூடாதுல்ல? எங்கிட்ட எல்லாம் பதிவேட்ல இருக்கு சார்.

அந்தப் புள்ளை பேரு மாரிச்செல்வி. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. என் பையன் கிளாஸ்தான். மூணு வருஷமும் முதல் மார்க் அவ, ரெண்டாவது மார்க் இவன். நான் அவனைக் கேட்டிருக்கேன், ஏன்டா உன்னால முடியலன்னு. "அவ வேற மாதிரி படிக்கிறாப்பா"ம்பான். என்ன வேற மாதிரி? அவங்கம்மா கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவறவங்க. அப்பன் இல்ல. ரெண்டு பஸ் மாறி வர்ற புள்ளை. படிக்கட்டும், யாரு வேண்டாம்னா. ஆனா படிச்சவன்னா ஒரு அடக்கம் வேணுமா இல்லையா?

கவுன்சிலிங்ல அவளுக்கு இந்தப் பெரிய காலேஜ்ல எடம் கெடைச்சிருச்சு. என் பையனுக்கு மதுரைப் பக்கம் ஒரு தனியார் காலேஜ்தான் வந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே இடஒதுக்கீட்டுப் பிரிவு, ஒரே டிபார்ட்மெண்ட். அதனால வரிசையில அவளுக்கு அடுத்து இவன். மேல ஏதாவது எடம் காலியானா எனக்குக் குடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தான். அது எல்லாரும் எழுதிக் குடுக்கறதுதான். அதுக்கு மேல ஒரு அர்த்தமும் கிடையாது. இதை நீங்க நல்லா மனசுல வெச்சுக்கணும்.

ஆகஸ்ட் மூணாம் தேதி அவ டி.சி.க்கு மனு குடுத்தா. இருபத்தொண்ணாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சென்னையில ஒரிஜினல் டி.சி.யோட போய் நிக்கணும், இல்லேன்னா எடம் போயிரும். சொன்னா. எங்கிட்ட சொன்னா, நான் இல்லேங்கல.

டி.சி. சும்மா குடுத்துர முடியுமா சார்? நோ டியூ பேப்பர்னு ஒண்ணு இருக்கு. அதுல பதினோரு கையெழுத்து. லைப்ரரி, ஒர்க்‌ஷாப், லேபுங்க, விளையாட்டு, நாட்டு நலப்பணி, கடைசியா விடுதி. எதையும் பாக்கி வெக்கலைன்னு ஒவ்வொருத்தரும் போடணும். அவ பத்து வாங்கிட்டு வந்துட்டா. விடுதி இல்ல.

"சார், நான் ஹாஸ்டல்ல தங்கவே இல்லையே சார்"ங்கறா.

"தங்கலைங்கறதை யாரும்மா சொல்லணும்? நீயா? விடுதிதான் சொல்லணும்"னேன். நியாயமா இல்லையா?

அப்ப அவ என்ன செஞ்சா தெரியுமா? திரும்பி வாசலைக் காட்டறா. அங்க ஒரு போர்டு இருக்கு, எந்தச் சான்றிதழ் எத்தனை நாள்ல கெடைக்கும்னு. பெயின்டர் தப்புந்தவறுமா எழுதினதை நான் பக்கத்துல நின்னு அழிச்சு மறுபடி எழுத வெச்ச போர்டு. "போர்டுல மூணு வேலை நாள்னு இருக்கே சார்"ங்கறா. சத்தம் போடல. சாதாரணமாத்தான் கேட்டா. அதுதான் எனக்குத் தாங்கல. ஆபீஸ்ல நாலு பேரு இருக்காங்க. ஸ்டோர் கீப்பர் சிரிக்கிறான்.

"போர்டைப் பாத்தா போர்டுகிட்டயே போய் வாங்கிக்க"ன்னு சொல்லிட்டேன். கோபத்துல சொல்றதுதானே. நீங்க சொல்ல மாட்டீங்களா?

விடுதிக் கையெழுத்து விடுதி எழுத்தர் போடணும். அந்த போஸ்ட் ரெண்டு வருஷமா காலி. கூடுதல் பொறுப்பு யாரு பாக்கறா? நான்தான். சம்பளத்துல ஒண்ணும் கூடல சார், இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்யறேன். ஆனா அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு. சாயங்காலம் நாலு டூ அஞ்சு, விடுதி ரூம்ல. பகல்ல நான் ஆபீஸ் உதவியாளர். விடுதி எழுத்தர் கிடையாது. ஆபீஸ் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு விடுதி சீலைத் தூக்கிக் குத்தினா நாளைக்கு ஆடிட்ல என்ன சொல்வான்? ரெண்டு வேலையையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக் கூடாது.

அவ காலைலயே வந்து நிக்கிறா. நாலு மணிக்கு வான்னு சொன்னா, நாலேகாலுக்கு அவ ஊருக்குப் பஸ்ஸாம். அதை விட்டா ஏழு மணிக்குத்தானாம், எறங்கி ரெண்டு கிலோமீட்டர் கண்மாய்க்கரையில நடக்கணுமாம். பொம்பளப் புள்ளை, கஷ்டம்தான். ஆனா பஸ்ஸை நானா விடறேன்?

ஒரு நாள் இருந்துட்டா, பஸ்ஸை விட்டுட்டு. அன்னைக்குன்னு பாத்து எனக்கு அரை நாள் லீவு. மச்சினன் மகளுக்கு வளைகாப்பு. லீவு லெட்டர் இருக்கு, வேணும்னா காட்டறேன். இன்னொரு நாள் நாலு மணிக்கு வந்தா, அன்னைக்கு விடுதி ரூம் சாவி வாட்ச்மேன்கிட்ட இருந்துச்சு, அவன் பேங்க்குக்குப் போயிட்டான். ஒரு நாள் சீல் காஞ்சு போயி எழுத்து விழல. இப்படி எட்டு, ஒன்பது தடவை வந்திருப்பா. வேணும்னே செஞ்சேன்னா சொல்றீங்க? எனக்கு என்ன பகை அவ மேல?

ஆனா ஒண்ணு சார். அந்த ஒன்பது தடவையில ஒரு தடவை அழுதிருந்தா குடுத்திருப்பேன். சத்தியமா. "சார், தயவு பண்ணுங்க"ன்னு ஒரு வார்த்தை. அது வராது அவ வாயில. வந்து நிப்பா. பேப்பரை நீட்டுவா. இல்லேன்னா மடிச்சுக்கிட்டுப் போயிருவா. அந்தக் கண்ணைப் பாக்கணுமே, நான் என்னமோ அவ வேலைக்கு வெச்ச ஆளு மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

பத்தொன்பதாம் தேதி அவங்கம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டா. அந்தம்மா மண்டபத்துல இருந்து நேரா வந்திருக்கு, சேலையெல்லாம் சாம்பாரும் சோப்பும் கலந்த வாடை. வந்ததும் வராததுமா ஆபீஸ் வாசல்லயே தரையில உட்கார்ந்திருச்சு. பிரின்சிபால் போறார், வர்றார், ஆடிட் ஆளுங்க வர்றாங்க, இது நடுவுல உட்கார்ந்திருக்கு. பெஞ்சு இருக்குல்ல, அதுல உட்காரலாம்ல? எனக்கு அவமானமாப் போச்சு. எந்திரிச்சு வெளிய வந்தேன். உடனே "அய்யா, ஒரு கையெழுத்துங்கய்யா"ன்னு காலைத் தொட வருது.

அந்தப் புள்ளை இருக்கே, அம்மா தோளைப் பிடிச்சு இழுத்து, "எந்திரிம்மா. அவரு வேலைம்மா அது"ன்னுச்சு.

அவரு வேலை அது. கேட்டீங்களா? இருபத்தாறு வருஷ சர்வீஸ் சார். எனக்கு வேலை எதுன்னு அவ சொல்றா.

சரி, அப்பவும் நான் மனுஷன்தான். மறுநாள் இருபதாம் தேதி நாலு மணிக்கு விடுதி ரூம்ல போய் உட்கார்ந்து கையெழுத்தைப் போட்டேன். சீல் குத்தினேன். அஞ்சு நிமிஷத்துல டி.சி. எழுதினேன். நடத்தைன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல திருப்திகரம்னு எழுதியிருக்கலாம். எழுதல. நன்றுன்னுதான் எழுதினேன். என் மனசு அது. ஆனா பிரின்சிபால் கையெழுத்து வேணுமே. அவர் அன்னைக்கு மீட்டிங்னு மூணு மணிக்கே மதுரைக்குக் கெளம்பிட்டார். மறுநாள் பதினொன்றரைக்குத்தான் வந்தார். வந்த உடனே நான் ஃபைலைத் தூக்கிட்டு ஓடினேன். பன்னெண்டு மணிக்கு அவ கையில குடுத்துட்டேன்.

இருபத்தொண்ணாம் தேதி சார். கெடு என்ன தேதி? இருபத்தொண்ணு. கெடு தேதிக்குள்ள குடுத்திருக்கேனா இல்லையா? பதிவேட்ல இருக்கு. அவளே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கா. வாங்கிட்டு கடிகாரத்தைப் பாத்தா. ஒரு தேங்க்ஸ் கூடச் சொல்லாம போயிட்டா.

என்ன சார் யோசிக்கிறீங்க? ஆமா, ஒன்பது மணி நேரம்தான். பகல் பஸ்னா ஒன்பது. அதான் சொன்னேனே, பஸ்ஸை நானா விடறேன்?

போயிருக்கா, அதே பஸ்ஸைப் பிடிச்சு. ராத்திரி போய் எறங்கி, காலைல அந்தக் காலேஜ்ல போய்க் கேட்டாளாம். லிஸ்ட் மூடியாச்சுன்னுட்டாங்க. அவங்க ரூல் அவங்களுக்கு.

இந்த இட்லியைப் பாத்தீங்களா? வண்டியை நிறுத்தற எடத்துல எல்லாம் இதே கொள்ளை. சட்னியில நூல் விடுது. வேண்டாம் சார், வயித்தைக் கெடுத்துரும். என் சம்சாரம் தயிர்ச்சோறு கட்டிக் குடுத்துச்சு, அதுவும் எறங்கல. உங்களுக்கு வேணுமா?

எங்க விட்டேன். ஆங். ஒரு வாரம் கழிச்சு ரெண்டாவது லிஸ்ட் வந்துச்சு. காலியான எடத்துல என் பையன் பேரு. வீட்ல கேசரி கிண்டினோம். தெருவுல எல்லா வீட்டுக்கும் குடுத்தோம். நான் கண்ணால தண்ணி விட்டேன் சார், வெக்கமில்லாம சொல்றேன். எங்க வம்சத்துல அந்த மாதிரி காலேஜ் வாசலை யாரும் மிதிச்சது கெடையாது. அன்னைக்கு மத்தியானம் சோத்துக்கு உட்கார்ந்திருந்தேன். அவன் நோ டியூ பேப்பரை நீட்டினான், பத்துக் கையெழுத்து இருந்துச்சு. விடுதி மட்டும் பாக்கி. கையைக் கழுவிட்டு வந்து அங்கேயே போட்டுக் குடுத்தேன். சீல் பையில இருந்துச்சு. மூணு மணிக்கு டி.சி. ரெடி.

இல்ல சார், நாலு டூ அஞ்சுங்கறது விடுதி ரூமுக்கு. இது வீட்ல போட்டது.

அங்க போனான். முதல் மூணு வாரம் ஒரு கூத்து. வருகைப் பதிவு ஏற்கெனவே அச்சடிச்சுட்டாங்களாம், அதுல அவ பேருதான் இருந்திருக்கு. வாத்தியார் வந்து "மாரிச்செல்வி"ன்னு கூப்பிடுவாராம். இவன் எந்திரிச்சு நின்னு, "சார், அது நான்தான் சார்"னு சொல்லணுமாம். கிளாஸே சிரிக்குமாம். ஒரு நாளைக்கு ஆறு பீரியட், ஆறு தடவை. அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்கான். நான் கேட்டுட்டு சிரிச்சுட்டேன். ஆபீஸ்ல ஒருத்தன் சோம்பேறியா இருந்தா இப்படித்தான், உடனே அடிச்சுட்டு மாத்தி எழுத வேண்டியதுதானே. எங்கிட்ட இருந்திருந்தா ஒரு நாள்ல முடிச்சிருப்பேன்.

அப்பத்தான் இவனுக்குத் தெரிஞ்சிருக்கு, அது அவ எடம்னு. அவளுக்குப் போன் பண்ணியிருக்கான். அவ ஏதோ கம்பெனியில சேர்ந்துட்டா, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், காண்ட்ராக்ட் வேலை. என்ன ஏத்தி விட்டாளோ தெரியாது. இவன் சொல்றான், அவ ஒண்ணுமே சொல்லலியாம். "டி.சி. அன்னைக்கு மத்தியானம்தான்டா கெடைச்சுச்சு, விடு, நீயாவது நல்லாப் படி"ன்னாளாம். இதை நம்பறீங்களா? ஒண்ணுமே சொல்லாமலா இவன் அன்னைக்கு சாயங்காலம் எனக்குப் போன் போட்டான்?

"அப்பா, மாரிச்செல்விக்கு என்னைக்கு டி.சி. குடுத்தீங்க?"

"இருபத்தொண்ணு."

"எதுக்கு அவ்வளவு நாளு?"

"விடுதிக் கையெழுத்து இல்லடா."

"அதை யாரு போடணும்?"

"விடுதி எழுத்தர்."

"விடுதி எழுத்தர் யாருப்பா?"

"போஸ்ட் காலி. கூடுதல் பொறுப்பு நான்."

அப்புறம், "எனக்கு எப்பப்பா போட்டீங்க?"ன்னான்.

"நீதான் பக்கத்துல நின்னியேடா"ன்னேன்.

வெச்சுட்டான். அதுதான் கடைசி. செப்டம்பர் பதினேழு. அதுல இருந்து ஒரு வார்த்தை கிடையாது. நான் திருடினேனா? லஞ்சம் வாங்கினேனா? இருபத்தாறு வருஷத்துல ஒருத்தன்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சிருப்பேனா? அவன் எடத்தை நானா வாங்கிக் குடுத்தேன், ரேங்க் லிஸ்ட் குடுத்துச்சு. அது எனக்கு முன்கூட்டித் தெரியுமா? அவளுக்கு அடுத்து இவன்னு தெரியும். அது ஊருக்கே தெரியும். அதுக்காக?

சொல்லுங்க சார். ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்கு?

சரி, கேளுங்க மிச்சத்தை. பிப்ரவரி மாசம் பிரின்சிபால் கூப்பிட்டார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு வந்திருக்கு, உங்க டேபிள்தான், பதில் தயார் பண்ணுங்கன்னு ஒரு பேப்பரைக் குடுத்தார். கேள்வி மட்டும்தான் இருந்துச்சு, ஜெராக்ஸ். கடந்த ஐந்து வருஷத்துல லேட்டரல் போறதுக்கு டி.சி. கேட்டவங்க பேரு, மனு வந்த நாள், வழங்கிய நாள். மூணே கட்டம். என் பதிவேட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எழுதின மாதிரி இருந்துச்சு.

அவதான்னு முடிவு பண்ணிட்டேன். வேற யாரு? வாயில வந்தபடியெல்லாம் ஏசினேன் சார். வீட்ல என் சம்சாரம், "பிள்ளைங்களை அப்படிச் சொல்லாதீங்க"ன்னுச்சு. அதுக்கும் ரெண்டு குடுத்தேன், வாயாலதான். டைப் அடிக்கச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். என் கையாலதான் எழுதுவேன். எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? இருநூத்துப் பன்னெண்டு பேரு. எத்தனை நாள் ஆச்சுன்னு நானே நாலாவது கட்டம் ஒண்ணு சேர்த்து, பதினோரு நாள் உட்கார்ந்து எழுதினேன். ஒரு அடித்தல் கெடையாது.

இந்தா, அதான் இந்தக் கவர். ஒட்டலை இன்னும். ஒரு பக்கம் பாருங்க, எழுத்தைப் பாருங்க முதல்ல. அழகா இருக்கா? இது எங்க மெக்கானிக்கல் வாத்தியார் மகன், ஒரு நாள். இது தாலுகா ஆபீஸ்ல இருக்காரு ஒருத்தர், அவர் மக, ரெண்டு நாள். இவன் பட்டாசு ஆலையில வேலை செய்யறவர் பையன், பதினோரு நாள். இவன் ஆடு மேய்க்கறவர் மகன், பதினாலு. இது பெட்ரோல் பங்க் முதலாளி பையன், மறுநாளே. இது சித்தாள் வேலைக்குப் போற அம்மா, பதிமூணு. அப்பன் வேலையெல்லாம் பதிவேட்ல கெடையாது சார், எனக்கு மனப்பாடம். இருநூத்துப் பன்னெண்டு பேருக்கும் சொல்லுவேன். ஒரு பிள்ளையைக் கூட நான் மறந்ததில்ல.

ஏன் சார் மூஞ்சியை அப்படி வெச்சுக்கறீங்க? அவங்க வந்தா சாயங்காலம் வரணும்ல? வராததுக்கு நான் என்ன பண்றது?

இந்தப் பக்கத்துல கடைசி ரெண்டு வரி. மாரிச்செல்வி, பதினெட்டு நாள். அதுக்குக் கீழ நவநீதன். அங்க என்ன எழுதறதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். பூஜ்யம் போட்டா கணக்குல வராது. அன்றேன்னு எழுதிட்டேன்.

எழுதி முடிச்சு பிரின்சிபால்கிட்ட கொண்டு போனேன். வாங்கிப் பாத்தார். ஒவ்வொரு பக்கமா பாத்தார். அவர் மூஞ்சியும் இப்ப உங்க மூஞ்சி மாதிரிதான் போச்சு. "உலகநாதன், இது வெளிய போனா உங்களுக்கு மெமோ வரும், பென்ஷன் நேரத்துல"ன்னார். வரட்டும் சார், பதிவேட்ல உள்ளதுதானேன்னேன். பெறுநர் முகவரி குடுங்க, கவர் எழுதணும்னேன். அவர் பீரோவைத் திறந்து ஒரிஜினல் மனுவை எடுத்து மேசை மேல வெச்சார். "நீங்களே பாத்து எழுதிக்குங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டார். அவர் ரூம்ல இருந்து அவரே வெளிய போறார்.

கவரைத் திருப்பிப் பாருங்க சார். படிங்க.

பெறுநர். திரு. உ. நவநீதன். ஆண்கள் விடுதி, அறை எண் நாப்பத்தாறு. நான் எழுதினதுதான். 'திரு' போட்டு எழுதினேன். ரூல் அது, மனுதாரர்னா திரு போடணும். உ.ங்கறது யாரு? நான்தான். பெத்து, பேரு வெச்சு, ஸ்லேட்டுல கையைப் பிடிச்சு எழுதப் பழக்கினது நான். அவன் மனுவைப் பாத்தேனே, அதே எழுத்து சார். கோடு போட்ட மாதிரி. ஒரு அடித்தல் கெடையாது.

ரிஜிஸ்டர் தபால்ல போடச் சொன்னாங்க. போட்டா விடுதி வாட்ச்மேன் வாங்கி வெச்சுருவான். ரெண்டு நாள் லீவைப் போட்டு நானே எடுத்துட்டு வந்துட்டேன். தபால் புத்தகத்தையும் கொண்டாந்திருக்கேன், இந்தா பையில. அவன் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும். ஒப்புகை இல்லாம குடுக்க முடியாது. ரூல் சார். அதை அவனால மறுக்க முடியாது, அவன் கேட்ட தகவல்தானே. போனை வெச்சிரலாம், பொங்கலுக்கு வராம இருக்கலாம். இதுக்கு எறங்கி வாசலுக்கு வந்துதானே ஆகணும்? வந்து என் முன்னால நின்னு, பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடணும். அந்தப் பேனாவை அவன் வாங்கற நேரம் போதும் எனக்கு.

நேத்து அந்த விடுதிக்குப் போன் பண்ணிக் கேட்டேன், எப்ப வரலாம்னு. எவனோ ஒரு கிளார்க் எடுத்தான். பாக்க வர்றவங்களுக்கு சாயங்காலம் நாலு டூ அஞ்சுதானாம். வேற நேரம் வந்தா வாசல்லயே நிக்கணுமாம். தம்பி, நான் விருதுநகர்ல இருந்து வர்றேன், பஸ் போய்ச் சேரவே அஞ்சரை ஆயிரும்ப்பா, அப்பன்ப்பா நான், ஒரு அஞ்சு நிமிஷம்னேன். "பஸ்ஸை நாங்களா சார் விடறோம்"னு சொல்லி வெச்சுட்டான்.

பெத்தவன் ஒருத்தன் ஒன்பது மணி நேரம் குண்டும் குழியும் தாண்டி வர்றான். அவனுக்குப் போயி நாலு டூ அஞ்சாம். எவன் சார் போட்டான் இப்படி ஒரு ரூலை? அவனுக்குப் பிள்ளைகுட்டி கெடையாதா? சே, மனுஷனே இல்ல சார் அவன்.

நாளைக்குக் காலைலயே போயிருவேன். வேற என்ன பண்றது, உள்ள விடற வரைக்கும் இருக்க வேண்டியதுதான். அந்த மாதிரி பெரிய காலேஜ்ல, ஆபீஸ் வாசல்ல, வந்தவங்க உட்கார பெஞ்சு கிஞ்சு போட்டிருப்பாங்களா சார்? இல்ல, தரையிலதானா?